பதின்பருவப் பிள்ளைகளுக்கு வழிகாட்ட முன்வரும் தொழில்முனைவோர் எந்த முறையைத் தேர்வது?

திருப்பூரில் சிறு தொழில் நடத்தும் நாங்கள் பன்னிரண்டு பேர், வரும் ஜூனில் பள்ளி திறந்ததும் எங்கள் பகுதி அரசு மேல்நிலைப் பள்ளியின் பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வழிகாட்டிகளாக இருப்பது என்று தீர்மானித்திருக்கிறோம். பேசத் தயங்கும், கேட்கக் கூசும், ‘நமக்கெல்லாம் எங்கே’ என்று தொடங்கும் முன்பே ஒதுங்கிவிடும் பிள்ளைகளுக்குத் தங்கள் மேல் நம்பிக்கை பிறக்கச் செய்வதுதான் நோக்கம். இதில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு இல்லை. எந்த முறையில் செய்வது என்பதில்தான் நான்கு யோசனைகள் நிற்கின்றன: ஒரு தொழில்முனைவோருக்கு ஒரு மாணவர் என்று ஓராண்டு முழுவதும் இணைத்துவிடுவது, இரண்டு பெரியவர்களுக்கு ஆறு பிள்ளைகள் என்று சிறு குழுக்களாகப் பள்ளியிலேயே சந்திப்பது, பிள்ளைகளை எங்கள் நிறுவனங்களுக்கு வரவழைத்துச் சிறு பொறுப்புகளைக் கொடுத்துப் பழக்குவது, தொலைபேசி வழியாகத் தொடர்பில் இருப்பது. இவற்றை எடைபோட்டு நான் வந்து சேர்ந்த முடிவை இங்கே எழுதுகிறேன். இதே யோசனையில் இருக்கும் மற்ற ஊர்த் தொழில் நண்பர்களுக்கும் இது பயன்படலாம்.

இந்தப் பிள்ளைகளுக்கு எது குறைவு என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். அரசுப் பள்ளியில் படித்துவிட்டு உயர்கல்விக்குச் செல்லும் மாணவிகளுக்கு 2022 முதல் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. மாணவர்களுக்கு 2024இல் தமிழ்ப் புதல்வன் திட்டம் வந்தது. மருத்துவம், பொறியியல் உள்ளிட்ட படிப்புகளில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 7.5 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. எந்தப் படிப்பு எந்த வேலைக்குக் கொண்டுசேர்க்கும் என்று எடுத்துச் சொல்ல 2022இல் தொடங்கிய ‘நான் முதல்வன்’ இருக்கிறது. இவ்வளவும் இருந்தும், விண்ணப்பத்தில் ஒரு சந்தேகம் வந்தால் அலுவலகக் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்க் கேட்கத் துணியாமல் வாசலோடு திரும்பிவிடும் பிள்ளைகளை நாங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறோம். இங்கே பல வீடுகளில் அப்பாவும் அம்மாவும் காலை எட்டரை மணிக்குப் பனியன் கம்பெனிக்குப் போனால், ஒன்றரை ஷிப்ட் முடித்து இரவு எட்டரைக்கு மேல்தான் வீடு திரும்புகிறார்கள். பெற்றோரை விட்டால் பிள்ளை பழகும் பெரியவர்கள் ஆசிரியர், வீட்டுக்காரர், மளிகைக் கடைக்காரர் என்று விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள்; அவர்களில் யாரும் ‘இதைப் பற்றி நீ என்ன நினைக்கிறாய்’ என்று அந்தப் பிள்ளையிடம் கேட்டிருக்க வாய்ப்பில்லை. ஆகவே தன்னம்பிக்கை என்று நான் இங்கே சொல்வது மிகச் சிறிய ஒரு திறனைத்தான்: முன்பின் தெரியாத ஒருவரிடம் ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு, பதில் வரும்வரை அங்கேயே நிற்க முடிவது.

இந்தப் பொருளில் பார்த்தால், புகழ்பெற்ற பேச்சாளர் ஒருவரை அழைத்து ஒரு நாள் தன்னம்பிக்கைக் கூட்டம் நடத்தலாம் என்று எழுந்த யோசனையை ஒப்பீட்டில் சேர்க்கவே வேண்டியதில்லை. வாய் திறக்காமல் உட்கார்ந்து பெரியவர் பேசுவதைக் கேட்பது இந்தப் பிள்ளைகளுக்கு ஏற்கெனவே நன்றாகப் பழக்கமான ஒன்று. அதில் மேலும் ஒரு மணி நேரம் சேர்ப்பதால் எதுவும் மாறாது.

ஒருவருக்கு ஒருவர் என்ற முறைக்கே எங்களில் ஆதரவு அதிகம். கேட்டதும் மனம் போகும் முறையும் அதுதான். 1904இல் நியூயார்க்கில் எர்னஸ்ட் கோல்ட்டர் என்ற நீதிமன்ற எழுத்தர் எடுத்த முயற்சியிலிருந்து வளர்ந்த ‘பிக் பிரதர்ஸ் பிக் சிஸ்டர்ஸ்’ அமைப்பு இதைத்தான் இன்றுவரை செய்துவருகிறது. அந்த அமைப்பில் பதிந்திருந்த 10 முதல் 16 வயது வரையுள்ள 959 பிள்ளைகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு வழிகாட்டியைத் தந்து, மறுபாதியைக் காத்திருப்போர் பட்டியலில் வைத்து, 18 மாதங்களுக்குப் பின் ஒப்பிட்ட ஆய்வு 1995இல் வெளிவந்தது. வழிகாட்டி கிடைத்தவர்களிடையே போதைப்பொருளைத் தொட்டுப்பார்க்கத் தொடங்கும் வாய்ப்பு 46 சதவீதம் குறைந்திருந்தது. அவர்கள் பள்ளிக்கு மட்டம் போட்ட நாட்கள் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்திருந்தன. இந்த எண்களைத்தான் எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். அதே ஆய்வில் எனக்கு முக்கியமாகப் பட்டது வேறொன்று. ‘நான் மதிப்புள்ளவன்’ என்ற பொதுவான தன்மதிப்பை அளந்து பார்த்தபோது இரு பிரிவுகளுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. ‘பள்ளிப் பாடத்தை என்னால் செய்ய முடியும்’ என்ற குறிப்பான நம்பிக்கையில் வேறுபாடு தெரிந்தது. நம்பிக்கை ஒட்டுமொத்தமாக ஊறுவதில்லை, ஏதோ ஒரு காரியத்தில் கைவைத்து அது முடியும்போது அந்தக் காரியத்தை ஒட்டியே ஊறுகிறது என்று நான் இதைப் புரிந்துகொள்கிறேன். எந்த முறையைத் தேர்ந்தாலும் இதை மறக்கலாகாது.

அந்த நல்ல பலனுக்குப் பின்னால் ஓர் ஏற்பாடு இருந்தது. முன்வருவோரைச் சலித்தெடுத்து, பயிற்சி தந்து, பிள்ளையோடு பொருத்திவைத்து, அதன் பிறகும் இரு தரப்பையும் விடாமல் விசாரித்துக்கொண்டிருக்கும் சம்பள ஊழியர்கள் அங்கே இருந்தார்கள். இந்தியாவிலும் 2009இல் பெங்களூரில் தொடங்கிய ‘மென்டார் டுகெதர்’ போன்ற அமைப்புகள் இந்த வேலையை முறையாகச் செய்கின்றன. நிறுவனச் சட்டத்தின் 135ஆம் பிரிவு, 500 கோடி ரூபாய் நிகர மதிப்போ, 1,000 கோடி விற்பனையோ, 5 கோடி நிகர லாபமோ உள்ள நிறுவனங்களைச் சமூகப் பொறுப்புக்கெனத் தங்கள் சராசரி லாபத்தில் 2 சதவீதம் செலவிடச் சொல்கிறது. அத்தகைய நிறுவனங்களால் இந்த ஊழியர்களுக்கான செலவைத் தாங்க முடியும். எங்களில் யாரும் அந்த வரம்புக்கு அருகில்கூட இல்லை. எங்களிடம் இருப்பது நேரம் மட்டுமே. அந்த நேரமும் ஷிப்மென்ட் தேதி நெருங்கினால் எங்கள் கையில் இருப்பதில்லை.

அப்படி நேரம் கைவிட்டுப் போனால் என்ன ஆகும் என்பதையும் ஆராய்ந்திருக்கிறார்கள். அந்த 1995 ஆய்வின் தரவுகளை மறுபடி எடுத்துப் பார்த்த ஜீன் கிராஸ்மன், ஜீன் ரோட்ஸ் இருவரும் 2002இல் எழுதிய கட்டுரையில், உறவு ஓராண்டுக்கு மேல் நீடித்த பிள்ளைகளுக்கே அதிகப் பலன் கிடைத்தது என்றும், மூன்று மாதங்களுக்குள் அறுந்துபோன பிள்ளைகளுக்குத் தன்மதிப்பு முன்பிருந்ததைவிடக் கீழே போய்விட்டது என்றும் காட்டினார்கள். இதை நான் கட்டுரையில் படிப்பதற்கு முன்பே நேரில் பார்த்துவிட்டேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவனுக்கு நான் தனி வழிகாட்டியாக இருந்தேன். ஜூனில் தொடங்கி இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சந்தித்தோம். நான் நடத்துவது துணிகளில் வைத்துத் தைக்கும் லேபிள்களை அச்சிடும் சிறு நிறுவனம். தீபாவளிக்குப் பிறகு அவசர ஆர்டர்கள் குவிந்தன. ‘இந்த வாரம் முடியவில்லை’ என்று மூன்று முறை சொன்னேன். நான்காவது முறை சொல்லவும் கூசிப்போய் அப்படியே விட்டுவிட்டேன். பிப்ரவரியில் ஒருநாள் பேருந்து நிறுத்தத்தில் அவனைப் பார்த்து மன்னிப்புக் கேட்டபோது அவன் சொன்னான்: “நான்தான் ஏதோ தப்பாப் பேசிட்டேன்னு நெனச்சுட்டேனுங்க சார்.” நவம்பரிலிருந்து மூன்று மாதம் அந்தப் பிள்ளை அதை மனதில் சுமந்துகொண்டு பள்ளிக்குப் போய்வந்திருக்கிறான். அவனுக்கு நம்பிக்கை தருவதாகச் சொல்லிப் போன நான், இருந்ததையும் எடுத்துவிட்டு வந்திருக்கிறேன். ஆகவே தனித்தனி இணைப்புக்கு ஆதரவாகப் பேசும் நண்பர்களிடம் நான் கேட்பது ஒன்றே: நவம்பரில் வருவீர்களா?

சிறு குழு முறையில் இந்த ஆபத்து பெருமளவு குறைகிறது. ஒரு குழுவுக்கு இரண்டு பெரியவர்கள் என்பதால், ஒருவருக்கு வேலை நெருக்கடி வந்தாலும் மற்றவர் போவார். பிள்ளைகளைப் பொறுத்தவரை சந்திப்பு நின்றுபோகாது. கணக்கும் சாதகமாக இருக்கிறது. பன்னிரண்டு பேரும் தனித்தனியாக எடுத்துக்கொண்டால் பன்னிரண்டு பிள்ளைகள். இருவர் இருவராகச் சேர்ந்து ஆறு குழுக்களை நடத்தினால் முப்பத்தாறு பிள்ளைகள். ஆனால் எண்ணிக்கையை வைத்து நான் இந்த முறைக்கு வாதாடவில்லை. பதினாறு வயதுப் பிள்ளை ஒன்று ஒரு கம்பெனி முதலாளிக்கு எதிரே தனியாக உட்கார்ந்தால், நாம் எவ்வளவு கனிவாகப் பேசினாலும், அது நேர்முகத் தேர்வு போலத்தான் அதற்குத் தோன்றும்; ‘ஆமாங்க சார்’, ‘சரிங்க சார்’ என்பதோடு நின்றுவிடும். ஆறு பேர் சேர்ந்து உட்காரும்போது பலம் அவர்கள் பக்கம் சாய்கிறது. ஒருத்தி தன் வீட்டில் மேற்கொண்டு படிக்கவிடமாட்டார்கள் என்று தொடங்கினால், இன்னொருத்தி ‘எங்க வீட்டுலயும் அப்படித்தான்’ என்று சேர்ந்துகொள்கிறாள். அந்த ஒரு வாக்கியத்தைப் பெரியவர் எவராலும் சொல்ல முடியாது. தனியாகச் சந்தித்தபோது கடைசிவரை ‘சார்’ ஆகவே இருந்த நான், நண்பர் ஒருவரின் குழுவுக்கு உதவியாகப் போனபோது மூன்றாவது மாதத்தில் ‘அண்ணா’ ஆகிவிட்டேன்.

குழுவாகப் பழக்குவது பலன் தரும் என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. ராஜஸ்தானில் வளரிளம் பெண்களுக்குப் பள்ளியிலேயே வாழ்க்கைத் திறன் வகுப்புகளும் வழிகாட்டும் பெண்களின் துணையும் கிடைக்கச்செய்த ஒரு திட்டத்தை எரிக் எட்மண்ட்ஸ் முதலான பொருளியல் ஆய்வாளர்கள் ஆராய்ந்தபோது, படிப்பை இடையில் நிறுத்துவது 25 சதவீதம் குறைந்திருந்தது. குடும்பத்தின் வருமானத்தில் அந்தத் திட்டம் கைவைக்கவே இல்லை. தங்களுக்குத் துணை இருக்கிறது என்ற உணர்வு கூடியதே அந்தப் பெண்கள் பள்ளியில் தொடர முக்கியக் காரணமாகத் தெரிகிறது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

குழு முறைக்கும் குறை உண்டு. வாயாடிப் பிள்ளை ஒன்று இருந்தால் கூட்டம் முழுவதையும் அதுவே எடுத்துக்கொள்ளும். கூச்சமுள்ள பிள்ளை ஐந்து பேருக்குப் பின்னால் வசதியாக ஒளிந்துகொள்ளும். வகுப்பறையில் நடப்பதே இங்கும் நடக்கும். அதனால்தான் ஆறுக்கு மேல் போகக் கூடாது என்கிறேன்; ஒவ்வொரு சந்திப்பையும் ஒரு பிள்ளை நடத்த வேண்டும், பெரியவர்கள் ஓரமாக உட்கார வேண்டும் என்பதையும் முதல் நாளே வழக்கமாக்க வேண்டும். வீட்டில் குடிப்பழக்கம், கடன், திருமணப் பேச்சு என்று குழுவில் பேச முடியாத சுமை உள்ள பிள்ளைக்கு இந்த முறை போதாது என்பதையும் நான் ஒப்புக்கொள்கிறேன்.

மூன்றாவது யோசனையான நிறுவன அனுபவத்தில் எங்களுக்கென்றே ஒரு வசதி இருக்கிறது. ஆசிரியரால் தர முடியாததை நாங்கள் இங்கே தர முடியும். ஆனால் வழக்கமான ‘தொழிற்சாலைச் சுற்றுலா’ இந்த ஊரில் பொருளற்றது. தையல் வரிசையைக் காட்டுவதற்காக யாரும் இந்தப் பிள்ளைகளை அழைத்துப் போகத் தேவையில்லை. பனியன் கம்பெனியில் அம்மா துணியில் குறை பார்க்கும் செக்கிங்கிலும் அக்கா கைமடி எனும் உதவி வேலையிலும் இருக்கும் வீடுகளிலிருந்து வருபவர்கள் அவர்கள். அவர்கள் பார்க்காதது கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நடக்கும் வேலை: விலைக் கணக்குப் போடும் மேசை, சாம்பிள் அறை, வாங்குபவரிடமிருந்து வரும் மின்னஞ்சல், வங்கிக்கு எழுதும் கடிதம்.

ஒரு நிகழ்ச்சியைச் சொன்னால் விளங்கும். அதே நண்பரின் குழுவிலிருந்து நான்கு பிள்ளைகள் ஒருநாள் ஆசிரியை ஒருவருடன் என் அலுவலகத்துக்கு வந்தார்கள். அதில் ஒரு மாணவியின் அம்மா செக்கிங் வேலை பார்ப்பவர். ‘உட்காரும்மா’ என்றதற்கு, “பரவாயில்லீங்க சார், நிக்கிறேனுங்க” என்று நாற்காலியின் முதுகைப் பிடித்தபடி நின்றாள். அன்று எனக்கு உண்மையாகவே அட்டைப்பெட்டிகள் வாங்க வேண்டியிருந்தது. மூன்று கடைகளின் எண்களைக் கொடுத்து, ஐந்து ப்ளை (ஐந்து அடுக்கு) பெட்டி இருநூறுக்கு விலை கேட்டுச் சொல்லும்படி அவளிடம் சொன்னேன். கேட்க வேண்டியதை நோட்டின் கடைசிப் பக்கத்தில் வரிசையாக எழுதிக்கொண்டாள்: நீளம், அகலம், உயரம், எத்தனை, எப்போது வேண்டும். முதல் கடைக்காரர் எடுத்து ‘சொல்லுங்க’ என்றதும் குரல் வராமல் வைத்துவிட்டாள். இரண்டாவது கடையில், எழுதியதை எழுதியபடியே ஒரே மூச்சில் படித்தாள். அவர் பொறுமையாக விலை சொன்னார். மூன்றாவது கடைக்காரர் குறைந்த விலை சொன்னபோது அவள் சற்று நிறுத்தி, “அது வண்டி வாடகை சேர்த்துங்களா, தனியாங்களா?” என்று கேட்டாள். அந்தக் கேள்வி அவள் பட்டியலில் இல்லை, நானும் சொல்லித்தரவில்லை. வாடகை தனி என்று தெரிந்ததும் அதையும் கூட்டி இரண்டு விலைகளையும் ஒப்பிட்டுப் பார்த்து இரண்டாவது கடைதான் மலிவு என்றாள். பிறகு யாரும் சொல்லாமலே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, முதல் கடையின் எண்ணை மறுபடி அழுத்தினாள்.

நான் அன்று அவளைப் பாராட்டி அதிகம் பேசவில்லை. பெட்டிகளை அவள் சொன்ன கடையில் வாங்கினேன்; பில்லின் நகலை அடுத்த சந்திப்பில் அவளிடம் காட்டினேன். இந்த முறையின் பலம் இதில்தான் இருக்கிறது: வேலை உண்மையானதாக இருக்க வேண்டும், பிள்ளை சொன்னதை நாம் பயன்படுத்த வேண்டும். விளையாட்டுக்காகக் கொடுக்கும் வேலையைப் பிள்ளைகள் உடனே கண்டுகொள்வார்கள்.

எனினும் இதை மட்டுமே தனித் திட்டமாக வைத்துக்கொள்ள நான் உடன்படமாட்டேன். ஓரிரு வருகைகளுக்குள் அந்த மாணவிக்கு நேர்ந்தது எல்லோருக்கும் நேர்ந்துவிடாது. குழுவில் சில மாதங்கள் பழகியிருந்ததால்தான் அவளும் அன்று முதல் கடையோடு நின்றுவிடவில்லை. வேறோர் ஆபத்தும் உண்டு. குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் 2016ஆம் ஆண்டுத் திருத்தம் 14 வயதுக்கு உட்பட்டவர்களை, குடும்பத் தொழிலில் உதவுவது போன்ற சில விலக்குகள் தவிர, எந்த வேலையிலும், 18க்கு உட்பட்டவர்களை ஆபத்தான வேலைகளிலும் ஈடுபடுத்தத் தடை விதிக்கிறது. நாங்கள் சட்டத்தின் எல்லையோடு நின்றால் போதாது. உற்பத்திப் பிரிவில் எந்த வேலையையும் கொடுக்கக் கூடாது. ‘பன்னிரண்டாவது முடித்ததும் நம்ம கம்பெனிக்கே வந்துடு’ என்று ஒருவரும் சொல்லக் கூடாது. தன்னிடம் வேலை பார்ப்பவரின் பிள்ளைக்கு முதலாளியே வழிகாட்டியாக இருக்கக் கூடாது. அப்பாவுக்குச் சம்பளம் கொடுப்பவரிடம் எந்தப் பிள்ளையும் மனம்திறந்து ‘இல்லை’ என்று சொல்லாது.

தொலைபேசி வழியை நான் சுருக்கமாகவே தள்ளிவைக்கிறேன். பல வீடுகளில் இருப்பது அப்பாவின் ஒரே ஸ்மார்ட்ஃபோன். அது காலையில் அவரோடு கம்பெனிக்குப் போய் இரவில்தான் வருகிறது. மாணவி ஒருத்திக்கு வெளி ஆணிடமிருந்து அழைப்பு வந்தால், எவ்வளவு நல்ல நோக்கம் இருந்தாலும், அவள் படிப்புக்கே அது வினையாக முடியலாம். ஏற்கெனவே பழகிய பிள்ளை கல்லூரிக்காக வெளியூர் போன பிறகு இது மிகவும் உதவும். அதற்கு முன்பு வேண்டாம்.

எந்த முறையாக இருந்தாலும் பிள்ளைகளின் பாதுகாப்பு முதல் நிபந்தனை. பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின்படி, 18 வயதுக்கு உட்பட்ட எல்லோரும் குழந்தைகள். அத்தகைய ஒரு குற்றம் நடந்திருப்பது தெரிந்தும் தெரிவிக்காமல் இருப்பதே தண்டனைக்குரியது என்பது வழிகாட்டியாக வரும் ஒவ்வொருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். கதவு திறந்த அறையில் மட்டுமே சந்திப்பு, எப்போதும் இரண்டு பெரியவர்கள், மாணவிகள் உள்ள குழுவில் கட்டாயம் ஒரு பெண் வழிகாட்டி, சொந்த வண்டியில் யாரையும் ஏற்றிச் செல்லாமை, பெற்றோரிடம் எழுத்துபூர்வ ஒப்புதல், வழிகாட்டிகளுக்குக் காவல் துறைச் சரிபார்ப்பு, 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை முதல் நாளே பிள்ளைகளிடம் சொல்லிவிடுவது ஆகியவற்றில் எந்தச் சலுகையும் கூடாது. ‘நம்ம ஆளுதானே’ என்று ஒருவரைச் சரிபார்க்காமல் விடுவது பிள்ளைகளுக்கு நாம் இழைக்கும் அநீதி. குழு முறை இந்த விதிகளோடு இயல்பாகப் பொருந்துகிறது; தனித்தனிச் சந்திப்பு ஒவ்வொரு முறையும் இவற்றோடு முட்டிக்கொள்கிறது.

இன்னொன்றையும் தலைமையாசிரியரிடம் முன்கூட்டியே பேசிவிட வேண்டும். வெளியிலிருந்து யாராவது வருகிறார்கள் என்றால் பள்ளிகள் முதல் மதிப்பெண் எடுப்பவர்களையும் நன்றாகப் பேசுபவர்களையும்தான் முன்னால் அனுப்பும். பள்ளியின் பெயர் காக்க வேண்டும் என்ற நல்லெண்ணம்தான் காரணம். ஜெர்மனியில் 2008இல் தொடங்கிய ‘ராக் யுவர் லைஃப்’ என்ற வழிகாட்டித் திட்டத்தைப் பத்து நகரங்களில் 308 பிள்ளைகளை வைத்து ஆராய்ந்தபோது, மிகவும் பின்தங்கிய குடும்பத்துப் பிள்ளைகளுக்கு அது பெரும் பலன் தந்தது. ஓரளவு வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளுக்குப் பலன் ஏதும் தெரியவில்லை. எங்கள் முப்பத்தாறு பேர் வருகைப் பதிவேட்டில் விடுப்பு அதிகம் உள்ளவர்கள், வகுப்பில் குரலே கேட்காதவர்கள், பகுதிநேர வேலைக்குப் போகிறவர்கள் என்று ஆசிரியர்கள் நினைப்பவர்களாக இருக்கட்டும்.

என் முடிவு இது. முதல் ஆண்டு முழுவதும் சிறு குழுக்கள். அதற்குள்ளேயே காலாண்டு, அரையாண்டுத் தேர்வுகளுக்குப் பின் ஒவ்வொரு குழுவுக்கும் ஒருமுறை, ஆண்டு முடிவதற்கு முன் இன்னொரு முறை நிறுவன அனுபவம். அந்த ஓராண்டை விடாமல் நிறைவுசெய்த வழிகாட்டிகள் மட்டும், தனித் துணை தேவைப்படும் பிள்ளைகளுக்கு இரண்டாம் ஆண்டில் ஒருவருக்கு ஒருவராகப் பள்ளி வளாகத்துக்குள்ளேயே தொடரலாம். பன்னிரண்டாம் வகுப்பு முடிந்தபின் தொலைபேசி. பதினோராம் வகுப்புக்கு 2025–26 முதல் பொதுத்தேர்வு இல்லை என்பதால் பள்ளியும் நேரம் தர இசையும். சனிக்கிழமை எங்கள் ஊரில் சம்பள நாள், அன்று எங்களில் யாராலும் நகர முடியாது. ஞாயிற்றுக்கிழமை பள்ளி பூட்டியிருக்கும். எனவே ஒன்றுவிட்ட புதன்கிழமைகளில் கடைசிப் பாடவேளை என்று கேட்கலாம். விடுமுறையும் தேர்வும் போக ஏறத்தாழ பதினாறு சந்திப்புகள் கிடைக்கும். அவற்றில் பதினான்குக்காவது வர முடியாது என்று நினைக்கும் நண்பர்கள் மே மாதத்திலேயே சொல்லிவிடட்டும். அவர்கள் நிறுவன வருகைகளுக்கு இடமும் வேலையும் தந்து உதவலாம். அதில் எந்தக் குறைவும் இல்லை.

முதல் சந்திப்பிலேயே எல்லாத் தேதிகளையும், கடைசித் தேதி உட்பட, கரும்பலகையில் எழுதிவிட வேண்டும். பிள்ளைகள் அவற்றைத் தங்கள் நோட்டில் குறித்துக்கொள்ளட்டும். எங்களில் ஒருவர் குறித்த தேதியில் வரவில்லை என்றால், அடுத்த முறை அவரைப் பார்த்ததும் ‘ஏன் வரவில்லை’ என்று கேட்கும் உரிமை அவர்களுக்கு உண்டு என்றும், அதற்கு அவர் காரணம் சொல்லியே ஆக வேண்டும் என்றும் அன்றே எல்லோர் முன்னிலையிலும் சொல்லிவிடலாம்.